ஏலக்காய் ஸ்டோரில் ஒரு பச்சைக் கார்

அன்றைக்கு அந்த ஏலக்காய் ஸ்டோரில் இருந்தவர்கள் நான்கு பேர். முதலாவது, ஸ்டோரில் காய் உலர்த்துவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஞானதாஸ். வயது நாற்பத்தைந்து இருக்கும். இரண்டாவது, அவர் மனைவி எஸ்தர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல் பக்கம் சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது, முதலாளியின் டிரைவர் முத்துராஜ். நான்காவது நான், பெயிண்டர் ஆறுமுகம், பாலக்காடு ஜில்லா பெருமாட்டிக்காரன். காய் பொறுக்கும் பெண்கள் மழையால் வரவில்லை. கணக்கப்பிள்ளை சம்பளப் பணம் எடுக்கக் கம்பம் போயிருந்தார். ஒரு நாயும் இருந்தது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இவ்வளவு சுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. நடந்ததற்கு யார் பொறுப்பு என்று எனக்குள்ளேயே பல தடவை விசாரணை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இந்த நான்கு பேரைத்தான் நிறுத்தியிருக்கிறேன்.

இதை எழுதச் சொன்னவன் என் அக்கா மகன் கதிர்வேல். எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் கார் டீட்டெய்லிங் கடை வைத்திருக்கிறான். கீறல் விழுந்த கதவின் மேல் ஒரு சின்ன மிஷினை வைத்தால், எந்த நிறம் எத்தனை சொட்டு என்று அதுவே சொல்லிவிடுகிறது. நல்ல மிஷின். எங்களுக்கு அது இருந்திருந்தால் எத்தனையோ நாள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். "மாமா, நீங்க அந்தக் காலத்துலயே மலைக்கெல்லாம் போயி டச்-அப் பண்ணிக் குடுத்தீங்களாமா. எழுதிக் குடுங்க, கடைச் செவத்துல மாட்டி வெக்கறேன்" என்றான். எழுதி முடித்ததும் இது சுவரில் மாட்டுகிற சங்கதியா என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. நடராஜ மேஸ்திரியின் பெயிண்ட் ஷெட்டில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடம் தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் தேய்த்ததுதான். அடுத்த இரண்டு வருடம், பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்துகிற புட்டி. அதற்கப்புறம்தான் பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். இதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, விரல் நுனியில் ரேகை இல்லாமல் போனது தவிர.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை. கோபம் வரவர மரியாதை ஏறும். சந்தோஷமாக இருக்கும்போது "டேய் ஆறுமுகம்" என்பார். "ஆறுமுகம், வாப்பா" என்றால் ஏதோ சின்னக் குறை. "ஏனுங்க ஆறுமுகம்" என்று வந்துவிட்டால் வேலை முழுசாகக் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். தப்பாகப் போன வேலைக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, டீ வாங்கிவரச் சொல்லி, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் குடிப்பார். டீ முடிகிறவரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒரு வண்டிக்கு முழுசாகப் பெயிண்ட் அடிக்க அந்தக் காலத்தில் செலவு அதிகம். எஸ்டேட் ரோட்டில் செடி கீறியதற்கும், மாட்டுவண்டி உரசியதற்கும் முழு வண்டிக்கும் அடிப்பார்களா? காயம் பட்ட இடத்துக்கு மட்டும் அடித்து, பழைய நிறத்தோடு தெரியாமல் சேர்த்துக் கொடுக்கிற வேலையை மேஸ்திரி தொடங்கினார். அதிலும் ஒரு படி மேலே போய், வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நாங்களே வீட்டுக்கு வருகிறோம் என்றார். ஒரு தகரப் பெட்டி. அதில் நாலைந்து மூல நிறங்கள், தின்னர், புட்டி, உப்புத்தாள், துப்பாக்கி. தனியாக, காலால் மிதித்துக் காற்று ஏற்றுகிற ஒரு சிலிண்டர். பஸ்ஸின் மேல் ஏற்றினால் கண்டக்டர், "இதென்னப்பா, வெடிக்குமா?" என்று கேட்காத நாளில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிடும்.

இந்த வேலையில் கஷ்டம் கீறலில் இல்லை, நிறத்தில். டப்பாவில் இருக்கிற நிறம் வண்டி புதிதாக இருந்தபோது இருந்த நிறம். வெயிலில் நாலு வருடம் நின்ற வண்டியின் நிறம் எந்த டப்பாவிலும் கிடையாது. மறையூரில் ஒரு வெல்ல வியாபாரியின் வெளிர்மஞ்சள் காருக்கு மேஸ்திரியோடு போயிருந்தேன். கரும்பு ஆட்டுகிற சீசன், ஊரெல்லாம் பாகு வாசனை. நல்ல காய்ந்த வெயில், பெயிண்ட் சொன்னபடி கேட்கும். மேஸ்திரி வியாபாரியோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு நானே நிறம் கலந்து அடித்துவிட்டேன். அப்போது பார்க்க அச்சாகச் சேர்ந்திருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கதவின் நடுவில் முட்டையின் மஞ்சள் கரு மாதிரி ஒரு வட்டம். அந்திவெயிலும் அதில் சேர்ந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

மேஸ்திரி முக்காலி போட்டார். டீ வந்தது.

"ஏனுங்க ஆறுமுகம், இந்தக் கதவு வேற காரோட கதவுங்களா?"

"இல்லீங்க மேஸ்திரி."

"அப்படீங்களா. நான் வேற காரோடதுன்னு நெனச்சுட்டனுங்க."

அவ்வளவுதான். அன்றிலிருந்து காலை பத்து மணிக்கு முன்னும் பகல் மூன்று மணிக்குப் பின்னும் நான் நிறம் பார்த்ததில்லை. நின்று பார்ப்பேன், குந்திப் பார்ப்பேன், ஒரு தகரத் துண்டில் தீட்டி முழுசாகக் காய்ந்த பிறகுதான் வண்டியோடு வைத்துப் பார்ப்பேன். காய்ந்தால் நிறம் ஒரு சுற்றுக் கறுக்கும். ஈரத்தில் பார்த்து ஏமாந்தவர்களைத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம், திங்கட்கிழமை, முத்துராஜ் ஷெட்டுக்கு வந்தான். அவன் அக்காவைப் பெருமாட்டியில் கட்டிக்கொடுத்திருந்ததால் எங்களைப் பற்றி அவனுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் வந்து முகம் வீங்கியிருந்தது. வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் டிரைவர். முதலாளி கம்பத்துக்காரர், கல்யாணத்துக்குத் துணிமணி எடுக்கக் குடும்பத்தோடு மெட்ராஸ் போயிருந்தார். அம்பாசிடர் கார் தோட்டத்தில் இருந்தது. போன வாரம் ஸ்டோர்க்காரர் ஞானதாஸின் மனைவிக்குக் கரு கலைந்து ரத்தம் நிற்காமல் போனபோது, யாரிடமும் கேட்காமல் அந்தக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்கு இறங்கியிருக்கிறான். கம்பம் மெட்டு மலைப்பாதையில் மூடுபனி. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கும்போது இடதுபக்கப் பின்கதவும் மட்கார்டும் பாறையில் உரசிவிட்டன. பொம்பளை பிழைத்துவிட்டாள்.

"சனிக்கெழம மத்தியானம் மொதலாளி கம்பம் வந்து எறங்குறாரு. ஞாயித்துக்கெழம பொண்ணுக்கு நிச்சயம். அந்தக் கார்லதான் எல்லாரும் போடி போகணும். எனக்கு முன்ன இருந்த டிரைவரை ஒரு ஹெட்லைட் ஒடஞ்சதுக்கு வீட்டுக்கு அனுப்புனவருண்ணே அவரு. ஆளைக் கேக்காம காரை எடுத்தேன்னு தெரிஞ்சா எனக்கு வேல போகும். ஞானதாசண்ணனுக்கும் வேல போகும், வீடும் போகும். அது தோட்டத்து வீடு" என்றான்.

மேஸ்திரிக்கு அப்போது முழங்கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தார்.

"ஆறுமுகத்தை அனுப்பறேன் தம்பி. பயந்தவன். பயந்தவன் பெயிண்ட்டை வேஸ்ட் பண்ண மாட்டான்."

செவ்வாய் விடியற்காலை கிளம்பி, பஸ் மாறி மாறி, கம்பத்தில் இரவு தங்கி, புதன்கிழமை காலை மேலே போய்ச் சேர்ந்தோம். கம்பம் மெட்டு ஏறும்போதே பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. தனியாக ஒரு வேலைக்குப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. பெட்டியைப் பூட்டினேனா என்று வழியில் எத்தனை தடவை பார்த்தேன் என்பதற்குக் கணக்கில்லை.

கார் ஸ்டோருக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், தார்ப்பாய் போட்டு மூடி இருந்தது. கரும்பச்சை. கதவிலிருந்து மட்கார்டு வரை இரண்டு முழ நீளக் காயம், நடுவில் ஒரு சின்ன ஒடுக்கு. புதன்கிழமை ஒடுக்கை நிமிர்த்தி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மெழுகை எடுத்து, ஓரங்களைத் தேய்த்துச் சரிவாக்கி, புட்டி மெல்லிசாக மூன்று தடவை இழுத்தேன். ஞானதாஸ் வேலைக்கு நடுவில் நடுவில் வந்து நின்று பார்ப்பார். அவர் முன்னோர் திருநெல்வேலிப் பக்கம். பேச்சில் அது இருந்தது.

"என்ன பெயிண்டரே, கார் மூஞ்சிக்குப் பவுடர் பூசுதீரா?"

"புட்டிங்க. காயணுமுங்க."

"காயுமா இங்க? நான் துவைச்ச வேட்டி மூணு நாளா கொடியில கெடக்கு, இன்னும் ஈரம்."

இது எனக்குப் போதும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நிறம் கலந்தேன். மூடுபனியில் எல்லாப் பச்சையும் ஒரே பச்சையாகத் தெரிந்தது. ஆறு தகரத் துண்டுகளில் தீட்டி, அடுப்படியில் காயவைத்து, கதவில் வைத்துப் பார்க்கிறேன், எனக்குத் தீர்மானம் வரவில்லை. ஞானதாஸ் எல்லாவற்றையும் வாங்கி உள்ளங்கையில் வரிசையாக வைத்துக்கொண்டார்.

"இது வெயில் பட்ட காயி. இது மூப்பு பத்தாம பறிச்சது. இந்த ரெண்டும் ரெண்டாந்தரம். இது பரவால்ல, ஆனா மஞ்ச ஓடுது பாத்தீரா?"

"எங்கீங்க?"

"இந்தா, ஓரத்துல. இதுல ஒரு பொட்டு கறுப்பு சேரும். வேண்டாம், அரைப் பொட்டு."

அரைப் பொட்டு சேர்த்தேன். காய்ந்ததும் கதவில் வைத்தால் துண்டு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. இருபது வருடமாகக் காயும் ஏலக்காயின் பச்சையைப் பார்த்து விலை சொல்கிற கண் அது. அப்படி ஒரு கண்ணை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை.

நிறம் கிடைத்தது, ஆனால் பெயிண்ட் நிற்கவில்லை. அடித்த ஐந்தாவது நிமிடம் பச்சையின் மேல் பால் தெளித்த மாதிரி வெள்ளை பூத்தது. ஈரக்காற்றில் தின்னர் பறக்கும்போது தகடு சில்லிட்டு, காற்றிலிருக்கும் தண்ணீரை இழுத்து பெயிண்டுக்குள் வைத்துக்கொள்ளும். கீழே சமவெளியில் வெயில் வரும்வரை காத்திருப்போம். இங்கே வெயில் எங்கே? தேய்த்து எடுத்துவிட்டு மத்தியானம் மறுபடி அடித்தேன். மறுபடி பூத்தது. முத்துராஜ் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, மேஸ்திரியைக் கூட்டிட்டு வந்துருவோமா?"

"நாளன்னிக்கு சனிக்கெழமைங்க."

"அப்ப நான் இப்பவே ஊருக்குக் கெளம்பிர்றேன். மொதலாளி மூஞ்சில முழிக்க வேண்டாம்."

ஞானதாஸ்தான் அதட்டினார். "எங்கவே போற? எம் பொண்டாட்டி உசிரோட உக்காந்திருக்கான்னா அது உன்னாலதான். நீ ஓடிட்டா நான் இங்க என்ன மரியாதையில நிக்க? பெயிண்டரே, ஒமக்கு என்ன வேணும்? சூடா? காஞ்ச காத்தா?"

"ரெண்டுமுங்க."

"இந்த மலையில அது ரெண்டும் இருக்கது எங்கிட்ட மட்டும்தான்யா."

ஏலக்காய் ஸ்டோர் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் ஒரு பெரிய கூடம், பச்சைக்காய் கொண்டுவந்து கொட்டுவதற்கு. அதன் பின்னால் காயவைக்கிற அறை. அறைக்கு வெளியே அடுப்பு. அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிப் போகும். குழாய்களுக்கு மேல் கம்பிவலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். கூடத்தின் கதவு ஜீப் நுழைகிற அளவு அகலம். காரைக் கூடத்துக்குள் கொண்டுவந்து, காயம் பட்ட பக்கம் அறையின் வாசலைப் பார்க்க நிறுத்தி, அறைக் கதவைத் திறந்துவிட்டால் போதும். கணக்கப்பிள்ளை வெள்ளிக்கிழமை கம்பம் போவார். அன்று ஒரு நாள்தான் சமயம்.

எனக்கு வந்த பயம் நெருப்பு. தின்னர் பெட்ரோல் மாதிரி. அடுப்புப் பக்கம் அதன் ஆவி போனால் கார், ஸ்டோர், நாங்கள் எல்லோரும் போய்விடுவோம். இரவெல்லாம் அதையே நினைத்துப் படுத்திருந்தேன். விடிந்ததும் ஞானதாஸ் அடுப்பில் இருந்த கங்குகளையெல்லாம் வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். நான் அடுப்பு வாயில் கையை விட்டுப் பார்த்தேன். அரை மணி கழித்து மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவை போனபோது அவர் சிரித்துவிட்டார்.

"உள்ள போயி படுத்துப் பாரும். நான் கதவச் சாத்திக்கிடுதேன்."

நெருப்பு அணைந்தாலும் குழாயும் சுவரும் மத்தியானம் வரை சூட்டை விடாது. தட்டுகளில் ஒரு லாட் காய் முக்கால் பதம் காய்ந்து இருந்தது. அதை வெளியே எடுக்கலாமா என்று கேட்டேன். "இந்த ஈரத்துல எடுத்தா பச்ச போயிரும்யா" என்று தார்ப்பாயால் மூடினார்.

பத்து மணிக்கு முத்துராஜ் சிலிண்டரை மிதித்தான். நான் ஒரு முழ தூரத்தில் நின்று மெல்லிசாக முதல் கோட்டை அடித்தேன். எண்ண ஆரம்பித்தேன். ஐந்து நிமிடம். பூக்கவில்லை. பத்து நிமிடம். மூவரும் கதவை மூக்கு உரசுகிற தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சை பச்சையாகவே இருந்தது. முத்துராஜ் அழுதுவிட்டான் என்று நினைக்கிறேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேர்வை என்றான்.

இரண்டாவது கோட் அடித்து, மூன்றாவதுக்குக் கலந்துகொண்டிருக்கும்போது எஸ்தரக்கா வாசல் பக்கத்திலிருந்து சொன்னார்.

"ஏங்க, ஒரு மாதிரி தலை சுத்துத வாடை வருதே. காயில ஏறிராதா?"

ஞானதாஸ் தலையைத் தூக்கி நன்றாக இழுத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. ஏலக்கா வாசந்தான் வருது. பெயிண்டரே, ஒமக்கு வருதா?"

நானும் மூச்சை இழுத்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "இல்லீங்களே" என்றேன்.

"டிரைவரே?"

"எனக்கு நாலு நாளா சளிண்ணே."

"பாத்தியா? மூணு ஆம்பளைக்கு வராத வாடை உனக்கு மட்டும் வருது. ஆஸ்பத்திரி மருந்து இன்னும் மூக்குக்குள்ள இருக்கும். அந்தக் கம்பளிய இழுத்துப் போத்து."

எஸ்தரக்கா இன்னொரு தடவை சொல்லவில்லை. முத்துராஜைப் பார்த்தார், கம்பளியை இழுத்துக்கொண்டார். நான் மூன்றாவது கோட்டையும் அடித்து, ஓரத்தில் தின்னரை அதிகம் சேர்த்துப் புகை மாதிரி விட்டுப் பழைய பெயிண்டோடு இணைத்தேன்.

சனிக்கிழமை காலை, பளபளப்பு ஏற்றுகிற காம்பவுண்டுப் பசை போட்டுத் தேய்த்து மெழுகு பூசினேன். இடதுபக்கம் எது, வலதுபக்கம் எது என்று எனக்கே ஒரு நிமிடம் குழம்பியது. பதினொரு மணிக்கு முத்துராஜ் காரை எடுத்துக்கொண்டு கீழே போனான். முதலாளி காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தாராம். "நல்லா தொடச்சு வச்சிருக்கடா" என்றாராம்.

அன்று மத்தியானம் நானும் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் மழை வலுத்து மெட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. புதன்கிழமை வரை நான் ஞானதாஸ் வீட்டில் இருந்தேன்.

அந்த நான்கு நாளைப் பற்றி எழுதத்தான் எனக்கு ஆசை. மற்றதெல்லாம் அதற்கு வழி.

ரோடு இல்லை. தபால் இல்லை. மேஸ்திரிக்குத் தகவல் சொல்ல முடியாது, அவரால் என்னைக் கூப்பிடவும் முடியாது. வேலை முடிந்துவிட்டது. கவலைப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அப்படி இருந்ததில்லை. காய் காய்ந்து இறக்கியிருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து எஸ்தரக்காவோடு சேர்ந்து அதைப் பொறுக்கினேன். காம்பைக் கிள்ளி, வெடித்ததைத் தனியே போட்டு, பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம். வெளியே மழைச் சத்தம். அவித்த கப்பைக்கிழங்கும் மிளகாய் அரைத்த சம்மந்தியும் பால் விடாத கட்டன் சாயாவும் வரும். ஞானதாஸ் என் பேச்சைக் கிண்டல் பண்ணிக்கொண்டே இருப்பார்.

"எஸ்தரு, இவன் நாய்க்கும் 'ங்க' போடுதான் பாத்தியா? 'கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கோங்க'ன்னு சொல்லுதான்."

"அது நாயாவது மரியாதையா இருக்கட்டும். உங்கள மாதிரியா?" என்பார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் சின்ன மாதா கோயில் மாதிரி இருந்த அவர்கள் ஜெபக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கிவிட்டேன். யாரும் எழுப்பவில்லை. கிளம்பும்போது எஸ்தரக்கா ஒரு கைப்பிடி ஏலக்காயைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "அடுத்த வருசமும் வா தம்பி. காரு உரசித்தான் வரணும்னு இல்ல" என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். மேஸ்திரி "டேய்" என்றார். "டேய், அடுப்புச் சூட்டுல அடிச்சயாடா!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

அப்புறம் முத்துராஜின் தபால் கார்டு வந்தது. அந்த லாட் ஏலத்துக்குப் போயிருக்கிறது. வியாபாரிகள் வழக்கம்போல ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்திருக்கிறார்கள். முதல் ஆள் காயைத் திரும்பக் கொட்டிவிட்டு, "ஏலக்கா வாசம் எங்கப்பா? பெயிண்ட் கடை வாசம்ல வருது" என்றானாம். ஒருவரும் விலை கேட்கவில்லை. முதலாளி ஸ்டோருக்கே வந்து விசாரித்தார். கூடத்து ஜன்னலுக்கு அடிக்க வாங்கிவந்து அறைக்குள் வைத்திருந்த பெயிண்ட் கொட்டிவிட்டது என்று ஞானதாஸ் சொல்லியிருக்கிறார். காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. நல்ல வேலைக்காரர் என்பதால் வேலையை விட்டு நீக்கவில்லை. நஷ்டம் அறுநூற்று நாற்பது ரூபாய் என்று போட்டு, மாதம் இருபதாகச் சம்பளத்தில் பிடிக்க உத்தரவு. முப்பத்திரண்டு மாதம்.

கார்டை மேஸ்திரியிடம் கொடுத்தேன். படித்தார். முக்காலி போடவில்லை.

"ஏனுங்க ஆறுமுகம், உங்களுக்கு வாடையே தெரியலீங்களா?"

"தெரியலீங்க மேஸ்திரி. அவருக்கும் தெரியலீங்க."

எழுந்து போய் தின்னர் டின்னின் மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தார். நன்றாக இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். மூடிவிட்டு நின்றார்.

"எனக்கும் ஒண்ணும் தெரியலடா" என்றார்.

எத்தனை வருடமாகத் தின்னருக்குள்ளேயே இருந்த மூக்கு! ஞானதாஸின் மூக்கு இருபது வருடமாக ஏலக்காய்க்குள் இருந்தது. ஒரே ஆள் சரியாகச் சொன்னார், அவரைக் கம்பளியைப் போர்த்தச் சொன்னோம். அவர் ஏன் மறுபடி சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவரைத் தூக்கிப்போனதால்தான் அந்தக் காருக்குக் காயம். நெருப்பு நெருப்பு என்று அடுப்பு வாயில் மூன்று தடவை கை விட்டவன், ஒரு தடவை அந்தப் பெண்ணின் பேச்சைக் காதில் போட்டிருக்கலாம்.

மேஸ்திரி ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்து மணியார்டர் அனுப்பச் சொன்னார். மீதி நான் அனுப்புவதாகச் சொன்னேன். மாதம் இருபத்தைந்தாக ஐந்து மாதம் அனுப்பினேன். ஆறாவது மாதம் ஞானதாஸிடமிருந்து ஒரு இன்லேண்ட் கடிதம். எஸ்தரக்காவின் கையெழுத்து, வார்த்தை அவருடையது.

"தம்பி ஆறுமுகத்துக்கு. இனிமேல் பணம் அனுப்பாதே. போஸ்ட்மேன் வரும்போதெல்லாம் இவள் அழுகிறாள். உன் மூக்கு செத்திருந்தால் என் மூக்கும் செத்துத்தான் இருந்தது. எனக்குப் பணம் வேண்டாம், நீ வா. ஒரு வாரம் இருக்கிற மாதிரி வா."

அந்த வாரமே கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது? அந்த வீட்டில் உட்கார்ந்து கப்பை தின்னும்போது, இந்த மாதமும் இருபது ரூபாய் பிடித்திருப்பார்களே என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியுமா? மீதியை மொத்தமாகச் சேர்த்து எஸ்தரக்கா கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் நிம்மதியாக ஒரு வாரம் இருக்கலாம் என்று தீர்மானம் பண்ணினேன். மணியார்டரை நிறுத்தினேன். சேர்க்க ஆரம்பித்தேன். இருநூறு சேர்ந்தபோது என் கல்யாணம். மறுபடி நூற்றெண்பது சேர்ந்தபோது மேஸ்திரியின் முழங்கால் ஆஸ்பத்திரிவரை போனது. அவருக்கு யாரும் இல்லை. முப்பத்திரண்டு மாதம் முடிந்ததைக் காலண்டரில் பார்த்தேன். பிடித்து முடித்திருப்பார்கள் என்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதி வந்ததற்கே வெட்கமாகவும் இருந்தது.

முழுத் தொகையும் கையில் வந்தபோது பொங்கலுக்கு வருகிறேன் என்று கடிதம் போட்டேன். விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. முத்துராஜ் அதற்குள் லாரிக்குப் போய்விட்டிருந்தான். பெருமாட்டியில் அவன் அக்காவிடம் கேட்டேன். தோட்டம் கைமாறிவிட்டது, பழைய ஆட்களெல்லாம் போய்விட்டார்கள், ஞானதாஸ் குடும்பம் நாசரேத்துப் பக்கமா தூத்துக்குடிப் பக்கமா தெரியாது என்றார். நான் அந்தப் பக்கம் இரண்டு தடவை போய்த் தேவாலயங்களில் விசாரித்தேன். ஞானதாஸ் என்ற பெயருக்கு அங்கே பஞ்சமில்லை. எங்கள் ஞானதாஸ் யாருக்கும் தெரியவில்லை.

கதிர்வேல் போன மாதம், "மாமா, வாங்க, நம்ம கார்லயே ஒரு நாள் வண்டன்மேடு போயிட்டு வந்தரலாம்" என்றான். வேண்டாம் என்றேன். மலை அங்கேதான் இருக்கும், மழையும் பெய்யும். கூடத்தில் காய் பொறுக்கிக்கொண்டு என்னை இருக்கச் சொல்ல ஆள் வேண்டுமே. இப்போதும் ஐப்பசி மழை பிடித்தால் பிறர் வீட்டில் தூங்குகிற மாதிரி ஒரு தூக்கம் கண்ணைச் சொக்கும். தம்பி வருவான் என்று அவர்கள் எத்தனை ஐப்பசி பார்த்திருப்பார்களோ என்று நினைத்ததும் அது கலைந்துவிடும். பணத்துக்காக அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பணத்தைச் சொல்லி நான்தான் போகாமல் இருந்தேன்.

அவர் இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். எஸ்தரக்காவுக்கு எண்பத்தைந்துக்கு மேல். வட்டி போட்டு எவ்வளவு வரும் என்று கதிர்வேல் போனில் தட்டிப் பார்த்துச் சொன்னான். அது எனக்கு வேண்டாம். நான் கொடுக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான். அறுநூற்று நாற்பதில் போனது நூற்றெழுபத்தைந்து. பாக்கி நானூற்று அறுபத்தைந்து ரூபாய்.